நுனி உடையாத சங்கு

ரத்தினவேல் சார் வந்திருக்கிறார் என்ற சேதியைப் பக்கத்து வீட்டு ராக்காயிதான் கடற்கரைக்குக் கொண்டுவந்தாள். செங்கமலம் அப்போது முழங்கால் தண்ணீரில் நின்று கிளிஞ்சல் அரித்துக்கொண்டிருந்தாள். ஓலைக்கூடையை அலையில் முக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினால் மணல் கரைந்து போகும். சிப்பியும் நத்தையோடும் கூடையில் தங்கும். அதைக் கரையில் கொட்டிவிட்டு மறுபடியும் குனிய வேண்டும். புரட்டாசி வெயில் முதுகைக் காய்ச்சியது. காற்று செத்துக் கிடந்தது.

"அடியே, ஒன் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காருடி. அடைக்கலம் வண்டியில வந்து எறங்கினாரு. தொப்பி, பை, தகர டப்பா எல்லாம் பழையபடிதான். வயிறு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கு."

"யாரு?"

"யாருங்கிறா பாரு. ஒம் புருசனைக் குழிக்குள்ள எறக்கிட்டு மேல நின்னு குடை பிடிச்சாரே, அவரு."

செங்கமலம் கூடையைத் தூக்கவில்லை. அடுத்த அலை வந்து அரித்ததில் பாதியை அள்ளிக்கொண்டு போனது.

"எங்க இருக்காரு?"

"ஒங்க பூவரசு மரத்தடியில. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரலைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்காரு. ரெண்டு பேரும் சம்பந்தக்காரக மாதிரி பேசிக்கிட்டிருக்காக."

"வெளக்குமாறு இருந்தா குடுக்கா."

"வெளக்குமாறு எதுக்கு? அந்த வெள்ளைச் சட்டைக்கு ஒரு கூடைச் சேறு போதாதா?" ராக்காயி சிரித்தாள். செங்கமலத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. "பாத்துப் பேசுடி" என்றாள்.

காளவாய்மேடு கோட்டைப்பட்டினத்துக்கு மேற்கே இருந்தது. கடல் சத்தம் கேட்கும், கடல் தெரியாது. ஊரில் எல்லாமே கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பிழைக்கிற வீடுகள். கருவேலங்காட்டுக்கு நடுவில் ஊருக்குப் பொதுவாக ஒரு குழி உண்டு. தோண்டத் தோண்டக் கிளிஞ்சல் வரும். என்றோ ஒரு காலத்தில் கடல் அதுவரை வந்து கிடந்திருக்கிறது. அலையில் அரிக்கிற கிளிஞ்சலைவிடக் குழிக் கிளிஞ்சல் சீக்கிரம் வேகும், தண்ணீர் தெளித்ததும் வெள்ளையாகப் பூத்து மாவாகும். காரைக்குடிப் பக்கம் சுவர் பூசுகிற கொத்தனார்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

அந்தக் குழிக்கு ஒரு கட்டு இருந்தது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஊர் மூத்தவர் ஒரு கருவேல முள்ளை வெட்டிக் குழிவாயில் போடுவார். தை பிறந்து தேங்காய் உடைத்து முள்ளை எடுக்கிறவரை யாரும் இறங்கக் கூடாது. மழையில் ஊறிய மண்சுவர் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. முள்ளைத் தாண்டுகிற வீட்டுக்கு அப்புறம் குழியில் பங்கு இல்லை.

ரத்தினவேல் சார் திருச்சியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். லீவு விட்டால் இங்கே வந்துவிடுவார். சுடுவதற்கு ஆகிற கிளிஞ்சலில் அவருக்கு ஆசையில்லை. மண்ணுக்குள் கிடந்து கல் மாதிரி ஆகிப்போன கூம்புச் சங்குகளைத்தான் தேடினார். அவை என்ன இனம் என்று கண்டுபிடித்து எழுத வேண்டுமாம். செங்கமலத்தின் புருஷன் பிச்சைமுத்து அவருக்காக மண்ணைச் சலித்துக் கொடுத்தான். செங்கமலம் அவருக்கு மீன் குழம்பு ஊற்றினாள். ஒரு ஏழெட்டுச் சங்கு கிடைத்தது. எல்லாவற்றிலும் மண்வெட்டி பட்டோ மண்பாரம் அழுத்தியோ நுனி உடைந்திருந்தது. உடைந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தீபாவளி லீவு முடிகிற அன்று, குழியில் முள் கிடந்தது. முந்தின நாள்தான் நல்ல மழை. கஞ்சிக் கலயத்தோடு காட்டுக்குப் போன செங்கமலம் தூரத்திலிருந்தே பார்த்தாள். ரத்தினவேல் சார் குடையின் வளைந்த பிடியால் முள்ளைக் கொக்கி போட்டு இழுத்து ஓரமாகத் தள்ளினார். "அரை மணி நேரம் பிச்சைமுத்து. வெயில் அடிக்குது பாரு. நுனியோட ஒண்ணே ஒண்ணு" என்றார். பிச்சைமுத்து இறங்கினான். செங்கமலம் கிட்டத்தில் போவதற்குள் மேற்குச் சுவர் சரிந்தது.

ஊர் கூடி அள்ளி எடுத்தது. உயிர் இருந்தது. மண்ணை அள்ளிய கையோடு எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள், பிறகு ரத்தினவேல் சாரைப் பார்த்தார்கள்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவனாத்தான் எறங்கினான்" என்றார் அவர்.

முள்ளைத் தள்ளினது அவர்தான் என்று செங்கமலம் கத்தினாள். மண்ணை வாரி அவர் மேல் எறிந்தாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்லுவாள் என்று ஊர் சொல்லிவிட்டது. பிச்சைமுத்துவைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில்தான் அவனுடைய வலது கை திறக்காமலே இருப்பதைக் கவனித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே நுனி உடையாத ஒரு சங்கு இருந்தது.

அவன் இடுப்புக்குக் கீழே செத்தவனாகத் திரும்பி வந்தபோது, குழியில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்று முடிவாகியிருந்தது. அன்றிலிருந்து அவள் கடலில் அரிக்கிறாள். அரித்ததைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, ராக்காயியின் துருத்தியைக் கேட்டு வாங்கிச் சுடுகிறாள். அவள் வீட்டைக் கடந்து குழிக்குப் போகிற பெண்கள் பேச்சைத் தாழ்த்திக்கொண்டு போவார்கள்.

வீட்டு வாசலில் கூடையை இறக்கியபோது ரத்தினவேல் சார் எழுந்து நின்றார்.

"நல்லா இருக்கியாம்மா?"

செங்கமலம் தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவினாள்.

"நாந்தான் அடைக்கலத்துக்கிட்டச் சொல்லி விட்டேன்" என்றான் பிச்சைமுத்து. கட்டிலின் தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்துப் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் சவரம் செய்திருந்தது. அவனாகவே செய்துகொண்டிருக்க வேண்டும், தாடையில் ரெண்டு வெட்டு. "நம்மகிட்ட ஒண்ணு இருக்குன்னு. போய் எடுத்தா."

"எதை?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. கேப்பைப் பானைக்குள்ள வச்சிருக்கியே, அதை."

அவள் அவனைப் பார்த்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவன் கேட்டு அவள் எடுத்துக்கொடுத்தது அந்தச் சங்கு ஒன்றைத்தான். மத்தியானங்களில் அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கிடப்பான். புது இனமா இருந்தா அதுக்கு எம் பேரு வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு, பொஸ்தகத்துல வந்துரும் என்பான். மழை பெய்யப் போகிறது என்பது மாதிரி நிச்சயமாகச் சொல்லுவான்.

உள்ளே போய்க் கேழ்வரகுக்குள் கைவிட்டு எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அவர் கையில் கொடுத்தான்.

ரத்தினவேல் சார் முதலில் நுனியைத்தான் பார்த்தார். பிறகு கைக்குட்டையை மடியில் விரித்து, அதன் மேல் சங்கை வைத்து, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ராக்காயியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். வண்டிக்காரன் அடைக்கலம் மாட்டை அவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

ரத்தினவேல் சார் தகர டப்பாவிலிருந்து பளபளவென்று பழுப்புப் புள்ளி போட்ட இன்னொரு கூம்புச் சங்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது இப்பக் கடல்ல இருக்கிறது. கோட்டைப்பட்டினத்துல வலையில வந்தது. இது ஒங்க குழியில கிடந்தது. ரெண்டும் ஒரே கூட்டம்தான். பம்பரம் மாதிரி. அகலமா இருக்கிற இடம் தோள். அதுக்கு மேல கோபுரம் மாதிரிச் சுத்திச் சுத்திப் போகுது பாருங்க, அதான் உச்சி. உயிரோட இருக்கிறதை நெறத்தைப் பாத்தே சொல்லிரலாம். மண்ணுக்குள்ள கிடந்ததுல நெறம் போயிருமில்லையா? வடிவத்தை வச்சுத்தான் சொல்லணும்."

"அய்யோ, அந்தப் புள்ளிக்காரனைத் தொடாதீங்க சாரு" என்றாள் ராக்காயி. "மீன்காரவுகளே தொட மாட்டாக. எங்க சின்னம்மா ஊர்ல ஒருத்தன் அதை மடியில கட்டிக்கிட்டு வீடு வந்து சேரலை."

"ஆமா, உள்ள ஊசி மாதிரி ஒண்ணு வச்சிருக்கும். கொட்டினா மருந்து கிடையாது. இது செத்துப்போன ஓடு, பயப்படாத."

"குழியில கிடந்ததுக்கும் விசம் இருந்துச்சா?" என்று செங்கமலம் கேட்டாள். அன்று அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"இருந்திருக்கும்மா. இந்தக் கூட்டம் முழுக்க விஷம்தான். இப்ப ஓடு மட்டும்தானே மிச்சம்."

அவர் சங்கை வெயிலுக்குச் சாய்த்தார். வெள்ளையாக இருந்த உடம்பில் மங்கலாக ஒரு பட்டை தெரிந்து மறைந்தது. அவர் குரல் தாழ்ந்தது. தோளில் மணி கோத்த மாதிரி ஒரு வரிசை மேடு இருப்பதையும், கடல் சங்கில் அந்த இடம் வழுவழுவென்று இருப்பதையும் காட்டினார். அடிப்பக்கத்துக் கோடுகளை நகத்தால் தடவி எண்ணினார். இரும்புக் கவையை வைத்து உயரம் எடுத்தார், தோள் அகலம் எடுத்தார். கடைசியாக உச்சி நுனியைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"குஞ்சா இருக்கும்போது கட்டின முதல் சுத்து இது. இதுதான் எல்லாத்துலயும் உடைஞ்சிருந்தது. எத்தனை சுத்து, வழவழப்பா இருக்கா, கோடு விழுந்திருக்கான்னு இதை வச்சுத்தான் இனத்தைப் பிரிக்கணும்." நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "புத்தகத்துல இருக்கிற எதோடயும் இது சேரலை. இது புதுசு பிச்சைமுத்து. புதுசுதான்."

அந்த நேரத்தில் அவர் முகம் நல்ல முகமாகத்தான் இருந்தது. செங்கமலத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அப்ப எம் பேரு..." என்றான் பிச்சைமுத்து. சொல்லிவிட்டு வெட்கப்பட்டுத் தாடையைத் தடவினான். "அன்னைக்குச் சொன்னீங்களே சார்."

"அதா?" ரத்தினவேல் சார் கண்ணாடியைத் துடைத்தார். "அதெல்லாம் நெனச்ச மாதிரி வச்சிர முடியாது பிச்சைமுத்து. எங்க துறைத் தலைவர் பேரை வைக்கிறதா இருக்கு. நான் மேல படிக்கணும்னா அவர் தயவு வேணும். எங்க கிடைச்சதுன்னு எழுதுற இடத்துல ஒங்க ஊரு பேரு கட்டாயம் வரும். அது போதாதா?"

"போதுங்க" என்றான் பிச்சைமுத்து. கயிற்றைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு மெதுவாகப் படுத்துக்கொண்டான்.

செங்கமலம் கூடையை நகர்த்திவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"பேரு கிடக்கட்டுங்க. இப்ப ஊரு கூடுற நேரந்தான். புளியமரத்தடியில பெரியவுக எல்லாம் இருப்பாக. ஒரு எட்டு வந்து, முள்ளைத் தள்ளினது நாந்தான்னு ஒரே ஒரு பேச்சுச் சொல்லுங்க. சங்கைக் கொண்டுபோங்க."

"என்னம்மா, பழசை எல்லாம்..."

"எங்களுக்குப் பழசாகலைங்க. தெனமும் புதுசா இருக்கு."

"சொன்னா கேஸாயிரும்மா. நான் சர்க்கார்ச் சம்பளம் வாங்குறவன். எனக்கும் குடும்பம் இருக்கு. நீ வேற எது கேட்டாலும் செய்றேன். பிச்சைமுத்துக்கு ஒரு சக்கர நாற்காலி..."

"சக்கரத்துல உக்காந்து குழிக்குப் போவாரா?"

அடைக்கலம் மாட்டைப் பார்க்கப் போவது போல நகர்ந்துவிட்டான். ரத்தினவேல் சார் சங்கைக் கைக்குட்டையில் மடிக்கத் தொடங்கினார். செங்கமலம் குனிந்து அதை அவர் மடியிலிருந்து எடுத்தாள். பிடுங்கவில்லை. குழந்தையை வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. உப்பு, சுண்ணாம்பு, கிளிஞ்சல் எதையும் இன்னைக்கு வீட்டை விட்டு வெளிய குடுக்க மாட்டோம். ஒங்களுக்குத் தெரியாததா? நாளைக்குக் காலையில வாங்க."

"குடுத்துருவியாம்மா?"

"குடுக்குறேன்."

அவர் கும்பிட்டார். வண்டி போனபிறகும் வெகுநேரம் புழுதி மரத்தடியிலேயே நின்றது.

கேப்பைக் கூழைக் கரைத்து, நெத்திலிக் கருவாட்டைத் தணலில் வாட்டி எடுத்துவந்தாள். பிச்சைமுத்து மரத்துப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"எந்திரிச்சுக் குடிங்க."

"வேணாம்."

"எதுக்கு வேணாம்? அவரு பேரு வைக்கலைன்னா?"

அவன் திரும்பவில்லை. "நாளைக்குக் குடுத்து அனுப்பிரு. அது இங்க கிடந்து என்ன பண்ணப்போகுது."

"ஒங்களுக்குக் கோவமே வராதா?"

"கோவப்பட்டுட்டு எந்திரிச்சு எங்கிட்டுப் போறது?"

அவள் கூழை மூடிவைத்துவிட்டுக் காளவாய்க்குப் போனாள்.

அன்று அவளுடைய காளவாய் சுடுகிற முறை. இடுப்புயர வட்டச் சுவர், அடியில் துருத்திக் குழாய் நுழைகிற துளை. ஒரு வரிசை கரி, ஒரு வரிசை கிளிஞ்சல், மறுபடியும் கரி என்று அடுக்கிக்கொண்டே வர வேண்டும். ராக்காயி கரிக்கூடையை எடுத்துக் கொடுத்தாள். பாதி உயரம் வந்ததும் செங்கமலம் மடியிலிருந்து ஒரு சின்னக் கலயத்தை எடுத்தாள். உள்ளே கரித்தூள் நிரப்பி, நடுவில் அந்தச் சங்கை நிறுத்தியிருந்தாள்.

"அது என்னடி கலயத்துக்குள்ள?"

செங்கமலம் மூடியை எடுத்துக் காட்டினாள். ராக்காயி கரிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி. அது ஒம் புருசன் உசுருடி."

"அவரு உசுரு குழியில போயிருச்சு."

"அவசரப்படாத. அது கையில இருக்கிறவரைக்கும் அந்த ஆளு ஒன் வாசலுக்கு வருவாரு. இன்னைக்கு இல்லைன்னா அடுத்த லீவுக்கு. என்னைக்காவது ஊருக்கு முன்னாடிச் சொல்ல வச்சிரலாம். குழியில பங்கு திரும்பி வரும்டி."

"சொல்ல மாட்டாருக்கா. சொல்லாமலே கொண்டுபோற வழியைத்தான் தேடுவாரு. நான் தண்ணிக்குப் போன நேரமாப் பாத்து இவருகிட்ட வந்து கையை நீட்டினா, இவரு குடுத்துருவாரு. போதுங்கன்னு குடுத்துருவாரு."

"அப்படின்னா என்னைக்கோ ஒடைச்சுத் தூக்கிப் போட்டிருக்கலாமே. எதுக்குச் சுடுற?"

"ஒடைஞ்சதைப் பாத்தா சாரு ஒரு நா அழுவாரு. அதுக்கு இல்ல இது" என்றாள் செங்கமலம். கலயத்தை மூடி நடு அடுக்கில் வைத்து, சுற்றிலும் கரியைப் பக்குவமாக நெருக்கினாள். வெறும் கிளிஞ்சலுக்குப் போடுவதைப் போல ஒன்றரைப் பங்கு கரி.

ராக்காயி கரிக்கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு போய்த் துருத்தியின் கயிற்றைப் பிடித்தாள்.

சாயங்காலம் வரை மாறி மாறி ஊதினார்கள். கரும்புகை வெளுத்து, புகையே இல்லாமல் ஆகி, காளவாய் வாய்க்கு மேல் காற்று மட்டும் நடுங்கியது. அனலில் இருவர் முகமும் வெந்த நிறத்துக்கு வந்தது. கடல் பக்கம் மேகம் கட்டியது. செங்கமலம் ஒரே ஒரு தடவை எழுந்து போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்து, காளவாய் மேல் ஓலையும் தகரமும் போட்டு மூடினாள். ஒரு சொட்டுக்கூட உள்ளே விழக் கூடாது.

காலையில் ஆறியிருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சாம்பலைக் கிளறிக் கலயத்தை எடுத்தாள். கலயம் விரிசல் விட்டிருந்தது. சங்கு அப்படியே நின்றது. தோள் மணிகள் ஒன்று குறையவில்லை. நுனி ஊசி மாதிரி இருந்தது. வெள்ளை மட்டும் வேறு வெள்ளை, மல்லிகை அரும்பு மாதிரி. கிளிஞ்சல் சரியாக வேகாவிட்டால் நடுவில் பச்சை நிற்கும். அப்படி நின்றால் தண்ணீர் பட்டாலும் பூக்காது, கல் மாதிரிக் கிடக்கும். நகத்தால் சுண்டிப் பார்த்தாள். ஓட்டாஞ்சில்லு மாதிரிக் கணீரென்றது. பச்சை இல்லை.

தூறல் வரும் போல இருந்ததால் பிச்சைமுத்துவின் கட்டிலை ராக்காயியும் அவளுமாக வீட்டுக்குள் இழுத்துப் போட்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டது. ரத்தினவேல் சார் குளித்து, நெற்றியில் விபூதி பூசி வந்திருந்தார். கையில் பஞ்சு அடைத்த மரப்பெட்டி.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. எடுத்து வச்சிருக்கியா?"

செங்கமலம் துணியை விரித்து நீட்டினாள். அவர் வலது உள்ளங்கையில் வாங்கினார். வாங்கியதும் முகம் மலர்ந்தது.

"அடடா. எப்படிம்மா இவ்வளவு சுத்தமா ஆக்கின?"

"தொடச்சு வச்சேங்க."

"லேசா இருக்கே. நேத்து இப்படித் தெரியலையே." கையில் ஏந்தி எடை பார்த்தார். பிறகு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "பானைக்குள்ளேயே கிடந்து நல்லாக் காஞ்சிருக்கு. மண்ணுக்குள்ள கிடந்ததுல சாரம் எல்லாம் போயிருமில்லையா, அதான்." கண்ணாடியை வைத்து உச்சியைப் பார்த்தார். "சுத்துல கரி மாதிரி ஏதோ அடைச்சிருக்கு. கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா, கழுவிட்டு வச்சுக்கிறேன்." இடது கையால் பையிலிருந்து சின்ன பிரஷ்ஷை எடுத்தார்.

செம்போடு தயாராக நின்றாள். "கையைக் காட்டுங்க. நானே ஊத்துறேன்."

அவர் கையை நீட்டினார். அவள் ஊற்றினாள். தண்ணீர் தோள் மேல் விழுந்து, கோடுகளில் இறங்கி, உள்ளங்கைக் குழியில் தங்கியது. அவர் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சங்கு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. பிறகு உள்ளேயிருந்து எறும்பு ஊருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு வெடிப்பு தோளிலிருந்து அடிவரை ஓடியது. புகை எழும்பியது.

"என்னது... என்னது..."

"சாரு, கையை ஒதறுங்க! ஒதறுங்க சாரு!" அடைக்கலம் வண்டியிலிருந்து குதித்தான்.

அவர் உதறவில்லை. நுனி உடைந்துவிடும் என்று இடது கையையும் சேர்த்துப் பொத்தினார். பொத்திய இரண்டு கைக்குள்ளும் அது கொதித்துப் பூத்தது. அவர் அலறியபடி மண்டியிட்டார். கை விரிந்தபோது நுனியும் இல்லை, தோளும் இல்லை. விரல் இடுக்குகளிலிருந்து சோறு மாதிரி வெள்ளையாகச் சரிந்தது.

ராக்காயி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். அவர் கைகளைத் துணியால் துடைத்து, எண்ணெயைக் கவிழ்த்து ஊற்றினாள். செங்கமலம் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏம்மா... ஏன்?" என்று அவர் அழுதார். கையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "உலகத்துல அது ஒண்ணுதாம்மா இருந்தது."

"நான் வேண்டாம்னுதாங்க நெனச்சேன்" என்றாள் செங்கமலம். "நீங்களாத்தான் கையை நீட்டினீங்க."

அடைக்கலம் அவரைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தான். வண்டி திரும்பும்போது செங்கமலத்தை ஒரு பார்வை பார்த்தான். நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. மரப்பெட்டி வாசலிலேயே திறந்து கிடந்தது, பஞ்சு மேல் தூறல் விழுந்தது.

அவள் தரையில் கிடந்ததை நனைவதற்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வழித்து எடுத்தாள். எதற்கு என்று தெரியவில்லை. சுண்ணாம்பை மண்ணில் விட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் போகக் கால் கூசியது.

பிச்சைமுத்து முழித்துக்கொண்டு கிடந்தான். எல்லாம் கேட்டிருக்கும். எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் திட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

"ரெண்டு கையுமா?" என்று கேட்டான்.

"ரெண்டு கையும்."

"நடுவுல பச்சை நின்னுச்சா?"

"ஒரு பொட்டுக்கூட இல்ல. ஒன்றரைப் பங்கு கரி போட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். சிரட்டையைக் காட்டி, "கொண்டா" என்றான். இரண்டு விரலால் அள்ளித் தேய்த்துப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி இருந்தது. வெற்றிலைத் தட்டத்தை எடுக்கச் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வெற்றிலை கேட்டது அதுதான் முதல் தடவை. செங்கமலம் ராக்காயி வீட்டில் போய் வெற்றிலை வாங்கிவந்தாள். அவனே காம்பு கிள்ளி, இலையின் முதுகைத் துடைத்து, சிரட்டையில் விரலை விட்டான்.

"கொஞ்சமாத் தடவுங்க. இன்னைக்குப் பூத்தது. நாக்கு வெந்துரும்" என்றாள் செங்கமலம்.

அவன் இன்னொரு விரல் சுண்ணாம்பு எடுத்துத் தடவினான்.